சாக்கடை என்று தேடியவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த நாளே போன் வரும். "சார், மூணாவது பாராவுல நான் சொன்னதா போட்டிருக்கீங்களே, அன்னைக்கி நான் லீவு" என்பார். ஆதாரத்தோடு சொல்வார். எனக்கு எதற்கு வம்பு? அவருடைய ஒரே ஒரு குணத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், அதற்குப் பெயர் தேவையில்லை.

நான் அவருக்கு மேலதிகாரியாக இருந்தேன். பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் பதவி ஒன்றுமில்லை. எங்கெங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்களைப் புதுச்சேரியில் உட்கார்ந்து சரிபார்த்து அனுப்பும் கம்பெனி அது. ஏ.சி. போட்ட ஒரு ஹாலில் என் பொறுப்பில் பத்துப் பேர். டீம் லீடர் என்று கழுத்தில் அட்டை தொங்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்பது பில் முடிக்க வேண்டும். ஒன்பது பேர் முடித்துவிட்டு ஆறு மணிக்குப் பையைத் தூக்கிவிடுவார்கள். இவர் ஐம்பதில் நிற்பார்.

ஏன் நிற்கிறார் என்று போய்ப் பார்த்தால் ஏதாவது ஒன்று இருக்கும்.

"எழுவது வயசு பாட்டி சார். முட்டி வலி. பிரசவ வார்டுல ரூம் போட்டிருக்காங்க."

"ரூம் காலியா இருந்திருக்கும், போட்டிருப்பாங்க. அடுத்ததுக்குப் போங்க மேடம்."

"இருக்கலாம் சார். ஆனா யாரும் கேக்கலியே."

அந்த ஆஸ்பத்திரி எங்கோ கோயம்புத்தூர் தாண்டி இருந்தது. போனைப் போட்டு, மூன்று பேரிடம் மாற்றி மாற்றிப் பேசி, அரை மணி நேரம் கழித்து என் மேஜைக்கு வந்தார். "நீங்க சொன்னதுதான் சார். ரூம் காலியாத்தான் இருந்துச்சாம்" என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நான் ஊகமாகச் சொன்னதும் அவர் விசாரித்துச் சொன்னதும் ஒன்றில்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அரை மணி நேரத்தில் ஐந்து பில் போச்சே என்றுதான் பட்டது.

இன்னொரு முறை உள்ளூரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பில் வந்தது. முப்பது படுக்கை என்று தாளில் போட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சொன்னார்: "கீழ டெய்லர் கடை, மேல ஆஸ்பத்திரி. பதினோரு கட்டில் சார். அதுலயும் ரெண்டுல டெய்லர் ஜாக்கெட்டு அடுக்கி வச்சிருக்காரு." ஹால் முழுக்கச் சிரிப்பு. இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து பாராட்டி ஒரு மெயில் வந்தது. டீம் லீடர் என்பதால் எனக்குத்தான் வந்தது. அதை நான் அவருக்குக் காட்டவில்லை. அன்றைக்கு அவர் முடித்திருந்தது முப்பத்தாறு பில் என்பதை மட்டும் சொல்லிக் காட்டினேன்.

ஆபீசில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். வாடகைக்கு வீடு பார்த்தபோது, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வரும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இவர் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பக்கெட்டோடு போய் அந்தக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். பல் விளக்க வெளியே வந்த வீட்டுக்காரர் யாரோ என்று அலறிவிட்டாராம். ஆறே முக்கால் வரைக்கும் ஒரு சொட்டு இல்லை. அதற்காக அந்த வீட்டை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. அதே வீட்டுக்குத்தான் குடிபோனார். "இப்ப தண்ணி எப்ப வரும்னு எனக்குத் தெரியும் சார். வேற வூட்டுக்குப் போனா மறுபடியும் பக்கெட்டத் தூக்கணும்" என்றார்.

அவர் குருசுக்குப்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அவர் வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் நடுவில் கபடி ஆட இடம் இருந்ததாம். பிறகு வலை காயப்போட மட்டும் இடம் இருந்தது. பிறகு அலையைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். இதை அவர் அழுது வடிந்து சொல்ல மாட்டார். "ஒருத்தர் நூறு அடி போச்சுங்கறாரு. இன்னொருத்தர் ஒண்ணுமே போகலைங்கறாரு. ரெண்டு பேருமே டேப்பு புடிக்கல. வருசா வருசம் யாராவது அளந்து எழுதியிருந்தா இவ்ளோ சண்டையே வந்திருக்காது" என்பார். கம்ப்யூட்டர் படித்தவர். எக்செல்லில் எங்கள் யாருக்கும் தெரியாத வித்தையெல்லாம் தெரியும், கொஞ்சம் புரோகிராமும் எழுதுவார். இதையெல்லாம் வைத்துக்கொண்டு எவனுடைய கட்டிலையோ எண்ணிக்கொண்டிருப்பதா, நம் ஊர்த் தண்ணீரையும் மண்ணையும் எண்ணக் கூடாதா என்பதுதான் அவருடைய கேள்வி.

சுற்றுச்சூழல் வேலைக்குப் போகணும் என்பார். நான் கிண்டல் செய்வேன். "சுற்றுச்சூழல் வேலைன்னா என்னா மேடம்? மரக்கன்னு நட்டுட்டு போட்டோ எடுத்துக்கறதுதான?"

"நட்டது உயிரோட இருக்குதான்னு ஆறு மாசம் கழிச்சி யாராவது போய்ப் பாக்கணும் இல்ல சார்? அந்த வேலய நான் பாக்கறேன்" என்பார்.

ஆனால் அந்த வேலை எங்கே கிடைக்கும் என்பதில்தான் முதலில் தடுமாறினார். வேலை தேடித் தரும் இணையதளத்தில் 'என்விரான்மென்ட்' என்று தட்டியிருக்கிறார். நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. எல்லாம் கால் சென்டர்கள், அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்கள், ஒரு நகைக்கடை. 'இனிய ஒர்க் என்விரான்மென்ட் உண்டு' என்று அத்தனை பேரும் போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் எங்கள் கம்பெனி விளம்பரமே இருந்தது. அதைத் திரையில் பெரிதாக்கி எல்லாருக்கும் காட்டினார். நான்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு நீள நோட்டோடு வந்தார். "கண்டுபுடிச்சிட்டேன் சார். சுற்றுச்சூழல்னு தேடினா கெடைக்காது. சாக்கடைன்னு தேடணும்."

"என்னாது?"

"சுற்றுச்சூழலுக்குன்னு யாரும் ஆள் எடுக்கறதில்ல சார். சாக்கடைக்கு எடுக்கறாங்க. ஏரிக்கு எடுக்கறாங்க. குப்ப லாரி எந்தத் தெருவுல போவுது, எந்தத் தெருவ வுட்டுடுதுன்னு பாக்க எடுக்கறாங்க. எல்லாத்துலயும் கடைசியில ஒரு எக்செல்லு இருக்குது. அத ஒழுங்கு பண்ணத்தான் ஆளில்ல."

நோட்டில் ஒரு பக்கம் அந்த மாதிரி சொற்கள்: வடிகால், குப்பை, நிலத்தடி நீர், மீன் வரத்து, உப்பு. எதிர்ப்பக்கம் அந்தந்த வேலைக்கு என்ன கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். முக்கால்வாசி அவருக்குத் தெரிந்தவை. கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது மட்டும் தெரியாது. அதற்கு வகுப்பெல்லாம் போகவில்லை. இலவச வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பேட்டையில் இருக்கிற ஒவ்வொரு சாக்கடை வாயையும் குறித்துக்கொண்டு நடந்தார். முனிசிபாலிட்டி ஆள் என்று நினைத்து ஜனங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட்டார்களாம். அதையும் குறித்துக்கொண்டு வந்தார். நாலு மாதத்தில் அவர் போட்ட வரைபடத்தைக் காட்டியபோது, சிவப்புப் புள்ளியெல்லாம் அடைத்துக் கிடப்பவை என்றார். எனக்கு உள்ளுக்குள் ஆச்சரியம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வருடம் ஆடி மாதத்தில் கம்பெனி எங்கள் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டது. புதுச்சேரி ஆபீசை மூடுகிறோம், தீபாவளிக்குள் எல்லாரும் சென்னைக்கு வந்துவிடுங்கள், வராதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, பத்துப் பேரில் எட்டுப் பேரையாவது கூட்டிக்கொண்டு வந்தால் அங்கே மேனேஜர் பதவி என்றார்கள். என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலையை மூடியபோது, காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு போக இடமில்லாமல் அவர் வாசலில் நின்றதைப் பார்த்தவன் நான். நாற்காலி என்றால் எனக்கு உயிர். எட்டுப் பேரை எண்ண ஆரம்பித்தேன். இரண்டு பேர் வரமாட்டோம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். மிச்சம் எட்டு. அந்த எட்டில் அவரும் ஒருவர்.

அவர் ஒளிக்கவில்லை. "இங்கயே ஒரு வேல கெடச்சா போயிடுவேன் சார். கெடைக்கலன்னா உங்க கூட சென்னைக்கு வரேன்" என்று நேராகவே சொன்னார். நான் கடவுளை வேண்டிக்கொண்டது எதற்காக என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

புரட்டாசியில் அந்த வேலை வந்தது. மழைக்காலத்தில் ஊரில் எங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளக்கக் கருவிகள் வைக்கப்போகிற ஒரு சிறிய அமைப்பு. ஒரே ஒரு ஆள் வேண்டும். விண்ணப்பித்த எல்லாருக்கும் ஒரு பரீட்சை வைத்தார்கள். மூன்று மழைக்காலமாக ஜனங்கள் கொடுத்த புகார்கள் ஒரு எக்செல் தாளில் இருந்தன. கையில் இருப்பது ஐந்து கருவி. எந்த ஐந்து தெருவில் வைப்பது? திங்கட்கிழமை காலைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை அதை எனக்குக் காட்டினார். ஐந்து நிமிட வேலை. தெருப் பெயரை எண்ணி, அதிகம் வந்ததை மேலே கொண்டுவந்தால் முடிந்தது. அவர் அதைச் செய்து முடித்துவிட்டு, கீழே எட்டாவதோ ஒன்பதாவதோ இடத்தில் இருந்த ஒரு பெயரில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ருதுப்பூ தெரு. இது எங்க இருக்குது சார்? வாய்க்கா பக்கம்னு போட்டிருக்குது, நீங்க அந்தப் பக்கம்தான?"

"அப்படி ஒரு தெருவே கெடையாது. நான் பொறந்து வளந்த ஊரு, எனக்குத் தெரியாதா?"

"இல்லாத தெருவுல எப்படி சார் தண்ணி நிக்கும்?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வண்டியை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினேன். உதவி செய்வதற்காக இல்லை. அப்படி ஒரு தெரு இல்லை என்று நிரூபிப்பதற்காக. வழியில் கேட்ட எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் "பூவுல எனக்குத் தெரியாத பூவா?" என்று சிரித்தார். எனக்கு வெற்றி நெருங்கிவிட்டது போல இருந்தது.

வாய்க்காலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் திரும்பினோம். முனை வீட்டுச் சுவரில் நீல நிறப் பலகை. மேலே பிரெஞ்சு எழுத்து, கீழே உதிர்ந்துபோன தமிழ் எழுத்து. இவர் அதன் கீழே நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார். "ரூ... து... புயி." மறுபடியும் வேகமாகச் சொன்னார். "ரூதுபுயி. ருதுபுயி. ருதுப்பூ! சார், ருதுப்பூ சார்!"

சத்தம் கேட்டு முனை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. விஷயத்தைச் சொன்னதும் என்னைப் பிரெஞ்சில் ஐயா என்று கூப்பிட்டுக் கொதித்துப்போனார். "நான்தான் போன் பண்ணேன் மிஸ்யே! ரூ து புயின்னு நிறுத்தி நிறுத்தி சொன்னேன். எழுதிக்கிட்டேன் ஐயான்னுது போன எடுத்த பொண்ணு. பூவா எழுதிச்சி?"

எதிர்வீட்டில் வாசல் கழுவிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தோடு நிமிர்ந்தார். "என்னாங்க ரூவு? இது கெணத்துத் தெரு. எங்க மாமியார் காலத்துல இருந்து கெணத்துத் தெருதான். போன மழைக்கு நான் மட்டுமே நாலு வாட்டி போன் போட்டேன்."

"ரூன்னா தெரு, புயின்னாலும் கெணறுதாம்மா" என்றார் பெரியவர்.

"அப்ப கெணறுன்னே சொல்றதுக்கு என்னா?"

"போர்டுல என்னா இருக்குதோ அதத்தான் நான் சொல்லுவேன்."

மாடியிலிருந்து ஒரு இளம்பெண் எட்டிப் பார்த்தார். "நான் ஆப்புலதாங்க கம்ப்ளெயின்ட் போட்டேன். அதுல இந்த எடத்துக்கு மூணாவது குறுக்குத் தெருன்னுதான் காட்டுது."

இவர் நடுத்தெருவில் நின்றபடியே போனில் அந்தத் தாளைத் திறந்தார். ருதுப்பூ தெரு தனியாக, கிணற்றுத் தெரு தனியாக, மூன்றாவது குறுக்குத் தெரு தனியாக இருந்தன. மூன்றையும் கூட்டினார். பட்டியலில் முதலிடம் இந்தச் சந்துக்கு வந்தது. இரண்டாவது இடத்தில் இருந்த தெருவுக்கும் இதற்கும் நடுவே பெரிய இடைவெளி. "ஒருத்தர் கூட பொய் சொல்லல சார். எல்லாரும் உண்மையத்தான் சொல்லியிருக்காங்க. ஆளுக்கு ஒரு பேர்ல சொல்லிட்டாங்க" என்றார். அவர் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ஆபீசில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

கூட்டல் போதாது அவருக்கு. சுவர்களில் பழைய மழைத் தண்ணீர் நின்ற கறை ஒரு கோடாகப் படிந்திருந்தது. பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். இரண்டு பக்கமும் பதினாறு வீட்டுச் சுவர்களை அளந்தோம். துடைப்பக்காரப் பெண் கூடவே வந்து, எந்தக் கறை எந்த வருடம் என்று சொன்னார். அந்தத் தெருவில் கிணறு எங்கே இருந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

பதிலை அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டினார். நன்றாக இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'இந்த ஐந்தில் நாலு தெருக்களுக்கு நேரில் போனேன். ஐந்தாவதற்குப் போக நேரமில்லை. அதைப் பற்றிச் சொல்வது புகார்களை மட்டும் வைத்துத்தான்.'

"அத எதுக்கு எழுதறீங்க? நம்ம குறைய நாமளே சொல்லிக்கறதா?"

"அது குறை இல்ல சார், தகவல். நாளைக்கு அங்க மெஷின் வைக்கறவங்களுக்கு அது தெரியணும்."

புதன்கிழமை அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தாளில் இருந்த மூன்று பெயரும் ஒரே தெரு என்று வேறு ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையாம். ஒரே நிபந்தனைதான் போட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கருவிகளை வைத்தாக வேண்டும், ஆகவே பத்து நாளில் வந்து சேர வேண்டும். எங்கள் கம்பெனியிலோ இரண்டு மாத நோட்டீஸ். டீம் லீடர் ஒரு மெயில் அனுப்பினால் முன்னதாக விடுவிக்கலாம். அந்த மெயில் என் கையில் இருந்தது.

"பாக்கலாம்" என்றேன்.

வியாழன் காலையில் கேட்டார். "மேல பேசிட்டு இருக்கேன் மேடம்" என்றேன். மேலே ஒருவரிடமும் நான் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் வந்து நின்றார். "இன்னைக்கி சாயங்காலம் வரைக்கும்தான் காத்திருப்பாங்களாம் சார். அப்புறம் ரெண்டாவது ஆளக் கூப்புடுவாங்க." கெஞ்சவில்லை. முறைக்கவும் இல்லை. தகவல் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து பில் பார்த்தார். எனக்கு எதிரில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. எட்டு, ஏழு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் செய்தது அயோக்கியத்தனம். அதற்கு வேறு பெயர் இல்லை.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. புரட்டாசி மழைதான், ஆனால் கொட்டித் தீர்த்தது. ஐந்து மணிக்கு நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல் போய்விடலாம் என்பதுதான் எண்ணம். என் வீட்டுக்கு நேர் ரோடு இருக்கிறது. ஆனால் வாய்க்காலை ஒட்டி வண்டியைத் திருப்பினேன். ஏன் திருப்பினேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கிணற்றுத் தெருவில் வண்டி போகாது. முனையில் நிறுத்திவிட்டு இறங்கினேன். முழங்காலைத் தொட்டது தண்ணீர். அந்தத் துடைப்பக்காரப் பெண் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, அடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"வந்துட்டீங்களா? மெஷினு எங்க? அந்தம்மா வரல?"

"நான் அந்த ஆபீஸ் இல்லம்மா."

"அப்ப அன்னைக்கி எதுக்கு டேப்பு புடிச்சீங்க?"

அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுப்போடு உள்ளே போய்விட்டார். அந்தத் தண்ணீரிலேயே நின்று, ஹெல்மெட்டுக்குள் போனை வைத்து மறைத்துக்கொண்டு, விடுவிக்கலாம் என்று மெயிலைத் தட்டி அனுப்பினேன். இரண்டு வரிதான். அதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"அனுப்பிட்டேன் மேடம். அவங்களுக்கு இப்பவே சொல்லிடுங்க."

"தேங்க்ஸ் சார்" என்றார். பிறகு, "தண்ணி சத்தம் கேக்குதே, எங்க இருக்கீங்க?"

"கெணத்துத் தெருவுல."

"அய்யோ! எவ்ளோ சார் நிக்குது?"

"முழங்கால்."

"எந்தப் பக்கம்? வாய்க்கா பக்கமா, ரோட்டுப் பக்கமா? சார் சார், அப்படியே நின்னு ரெண்டு பக்கமும் ஒரு போட்டோ எடுத்துடுங்க. டைம் தெரியற மாதிரி எடுங்க."

எடுத்தேன். கேட்டால் சிரிப்பீர்கள், அந்த மழையில் நின்றுகொண்டு எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். போகிறவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'விலகுவதற்கான காரணம்' என்று ஒரு இடம். எழுத முடியாது, கொடுத்திருக்கிற பட்டியலிலிருந்து ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். திருமணம், பிரசவம், மேற்படிப்பு, உடல்நலம், ஊர் மாற்றம், கூடுதல் சம்பளம் என்று ஆறு இருந்தன. ஏழாவது இல்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுல எதுவுமே உண்மை இல்லியே சார்."

நான் சென்னை எச்.ஆர். பெண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "ஏதாவது ஒண்ண க்ளிக் பண்ணச் சொல்லுங்க சார். அத யாரு பாக்கப் போறாங்க?" என்றது அந்தப் பெண்.

"யாரும் பாக்க மாட்டாங்கன்னா எதுக்குங்க கேக்கறீங்க?" என்றார் இவர்.

"சம்பளம்னு போட்டு முடிச்சிடுங்க மேடம்" என்றேன் நான்.

"அங்க சம்பளம் இதவிடக் கம்மி சார். நான் சம்பளத்துக்குப் போனேன்னு போட்டா அடுத்த வருசம் யாராவது ஒருத்தர் அத எண்ணுவாங்க. போறவங்க எல்லாருமே சம்பளத்துக்குத்தான் போறாங்கன்னு சொல்லுவாங்க. தப்பான கணக்குல என்னச் சேக்காதீங்க."

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. அதனால் வீட்டிலும் வெளியிலும் கெட்ட பெயர்தான் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது உருப்படியாக உதவியது. எச்.ஆர். பெண்ணிடம், அதற்கு மேலிருந்தவரிடம், கம்ப்யூட்டர் பிரிவில் ஒருவரிடம் என்று வரிசையாகக் கத்தித் தீர்த்தேன். ஒரு வரி சேர்க்க என்ன ஆகும், மூன்று வருடம் எங்களிடம் வேலை பார்த்தவர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டேன். மூன்று மணிக்குப் பட்டியலின் அடியில் ஏழாவதாக ஒரு வரி வந்தது: 'விரும்பிய வேலை கிடைத்தது.' அவர் அதை இரண்டு முறை வாசித்தார். க்ளிக் செய்தார். "இது சரியா இருக்குது சார்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

நான் ஏழு பேரோடு சென்னைக்குப் போனேன். மேனேஜர் பதவி வரவில்லை. கிணற்றுத் தெருவில் முதல் கருவியை வைத்தார்கள். மழை நாட்களில் அது காட்டும் அளவை எனக்குப் போனில் அனுப்பிவைப்பார். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு யார் யாரிடமோ நடந்து, வாய்க்காலுக்குப் போகும் மதகை அகலப்படுத்த வைத்தார்களாம். இப்போதும் தண்ணீர் நிற்கிறது, ஆனால் இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. அது முடிந்ததும் வேறொரு மாநிலத்துக் கடற்கரையில் மண் அரிப்பை அளக்கப் போய்விட்டார். இப்போது பேச்சுக் குறைந்துவிட்டது.

நான் இரண்டு மழைக்காலம் சென்னையில் இருந்தேன். வாரக் கடைசியில் ஈ.சி.ஆர். பஸ்ஸில் வரும்போது போனை எடுத்து எதையெதையோ தட்டித் தேடுவேன். எனக்குத் தெரிந்ததும் எக்செல்தானே. கடைசியில் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே, காலாப்பட்டுப் பக்கம் ஒரு வேலை அகப்பட்டது. கடலோரக் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று மாதாமாதம் எடுத்த அளவுகள் பத்து வருடமாகத் தாளிலேயே கிடந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒழுங்கு பண்ண ஆள் தேடினார்கள். நாற்பத்திரண்டு வயதில் பரீட்சை எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் ஒன்பது கிணறுகளை நேரில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். கிடைத்துவிட்டது.

கடைசி நாளில் அதே படிவத்தை நானும் திறந்தேன். ஏழாவது வரி அப்படியே இருந்தது. அதை அழுத்திவிட்டு, ஏதோ தோன்றி எச்.ஆர். பெண்ணைக் கூப்பிட்டேன். அன்றைக்கு என்னிடம் திட்டு வாங்கிய அதே பெண்தான்.

"ஏம்மா, இந்தக் கடைசிக் காரணத்த இதுவரைக்கும் எத்தன பேர் போட்டிருக்காங்க?"

தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டு பேர் சார்" என்றது. "நீங்க ரெண்டாவது."